முப்பது வருஷமாகக் கூரையில் யாரும் ஏறவில்லை

நூலகக் கட்டடத்தின் வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும் என்று இப்போது அங்கே நூலகராக இருக்கிற பெண் போனில் கேட்டாள். வாசலில் புதுப் பலகை வைக்கப் போகிறார்களாம். போனை அதன் முன்னால் காட்டினால் வரலாறு முழுக்கத் திரையில் வருமாம். "அக்கா, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்னு சொல்லுகாவ" என்றாள். தெரியும்தான். அந்த வரலாற்றை நான் ஏற்கெனவே ஒரு தடவை எழுதியிருக்கிறேன். அதில் ஒரு பொய் இருந்தது. அந்தப் பொய்யால் ஒரு மனிதனுடைய வேலை போகப் பார்த்தது.

பலகைக்கு வேண்டியதை அவளே எழுதிக்கொள்ளட்டும். நான் நடந்ததை எழுதுகிறேன். நூலகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஓய்வு பெற்றவளுக்கும் மெமோ அனுப்ப வழி உண்டு என்று கேள்விப்பட்டேன்.

நான் நூலகப் படிப்புப் படித்தது ஒரு வருஷம். புத்தகத்துக்கு எண் போடவும், அட்டை எழுதவும், அலமாரியில் வரிசை மாறாமல் அடுக்கவும் சொல்லித் தந்தார்கள். மழை பெய்தால் என்ன செய்வது என்று அந்தப் படிப்பில் ஒரு வரி கிடையாது. எங்கள் மாவட்டத்தில் அது தெரியாமல் நூலகம் நடத்த முடியாது. இங்கே வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். வைகாசி பாதியில் தொடங்குகிற இடவப்பாதி மழை மேற்கே இருந்து அடிக்கும். ஐப்பசி மழை கிழக்கே இருந்து அடிக்கும். எங்கள் நூலகம் இரண்டுக்கும் பாரபட்சம் இல்லாமல் ஒழுகும்.

ராஜா காலத்துக் கட்டடம். ஆள் படுத்துத் தூங்குகிற அகலத்துக்குச் சுவர், கூரையைத் தாங்கத் தேக்கில் கழுக்கோல், மேலே ஓடு. முன்சுவரில் மலையாளத்தில் ஒரு கல்வெட்டு. கல்யாணத்துக்கு முந்திப் படம் எடுக்கிற மாப்பிள்ளையும் பெண்ணும் அங்கே வந்து சாய்ந்து நிற்பார்கள். மழையில் வந்த ஜோடி ஒன்றுகூடக் கிடையாது. இடவப்பாதி தொடங்கினால் தமிழ் நாவல்கள் கிழக்கே போகும். ஐப்பசி வந்தால் மேற்கே வரும். யாரும் தொடாத பழைய அரசாங்க அறிக்கைகள் எந்தப் பக்கம் ஒழுகுகிறதோ அந்தப் பக்கம் போகும். வழக்கமாக வருகிற வாசகர்கள் புத்தகம் எங்கே இருக்கிறது என்று எங்களிடம் கேட்பதில்லை. வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு நேராக அந்தப் பக்கம் போவார்கள்.

ஏன் பழுது பார்க்கவில்லை என்று கேட்கலாம். கட்டடம் யாருடையது என்று தெரிந்தால் அல்லவா பழுது பார்க்க? கட்டியது திருவிதாங்கூர். மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது நாங்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் வந்தோம், கட்டடத்தின் ஃபைல் அந்தப் பக்கமே இருந்துவிட்டது. நகரசபைக்கு எழுதினால், நிலம் எங்களுடையது, கட்டடம் எங்களுடையது அல்ல என்று பதில் வரும். கட்டடத் துறைக்கு எழுதினால், எங்கள் பதிவேட்டில் அப்படி ஒரு கட்டடமே இல்லை என்று வரும். அந்தப் பதிலை நாங்கள் அதே கட்டடத்துக்குள் உட்கார்ந்து, தலையில் சொட்டு விழ, படித்துக்கொண்டிருப்போம். எங்கள் துறை, பிறர் கட்டடத்தில் செலவு செய்ய விதி இல்லை என்று எழுதும்.

நான் சேர்ந்தபோது அங்கே தலைமை நூலகர் தாணுமூர்த்தி சார். காலையில் வந்ததும் குடையை ஆணியில் மாட்டுவார். கை கழுவுவார். ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் பதிவேட்டைத் தொடுவார். நாங்கள் எழுதிக் கொண்டுபோகிற கடிதத்தில் ஒவ்வொரு வரிக்கும் கீழே அடிக்கோல் வைத்து, உதடு அசையப் படிப்பார். ஒரு தடவை மேலிடத்துக்கு எழுதின கடிதத்தில் 'கம்பீரமான இக்கட்டடம்' என்று எழுதிவிட்டேன். அடிக்கோல் அங்கேயே நின்றது.

"பிள்ளே, இந்தக் கம்பீரத்தை எந்த ரெஜிஸ்தர்ல பாத்த?"

"சும்மா ஒரு வார்த்தைக்கு சார்."

"வார்த்தைக்கு எழுதணும்னா வீட்டுல இருந்து எழுது. ஆபீஸ்ல கண்டதுக்கு கண்டேன்னு எழுது, கேட்டதுக்கு கேட்டேன்னு எழுது. ரெண்டும் இல்லேன்னா பேனாவை மூடி வை."

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு வழக்கம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் சூசையைச் சொல்ல வேண்டும்.

சூசை அண்ணன் எங்கள் அட்டெண்டர். முட்டத்துக்காரர். மூன்று தலைமுறையாகக் கடலில் போன குடும்பம். இவருக்கு மட்டும் வள்ளத்தில் ஏறினால் வாந்தி. "அப்பன் ஏழு தடவை கூட்டிட்டுப் போனாரு. ஏழு தடவையும் மீனுக்குச் சோறு போட்டதாக்கும் மிச்சம்" என்பார். அதனால் நூலகத்துக்கு வந்தார். படித்த பெண்கள் எல்லோரும் அவருக்கு டீச்சர்தான். நானும் டீச்சர்.

ஓடு உடைந்தால் மேலே ஏறி மாற்றுகிறவர் அவர். புத்தகங்கள் மேல் உள்ள அன்பினால் என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். நானே கேட்டிருக்கிறேன். "நனைஞ்ச புஸ்தகத்தை எல்லாம் ஒவ்வொரு தாளாப் பிரிச்சு வெயில்ல காயப்போடுகது ஆரு? நானாக்கும். அதுக்கு ஒரு ஓடு மாத்துகது எளுப்பம்லா" என்றார்.

கல்ஃப் பணத்தில் ஊரே ஓட்டு வீட்டை இடித்து கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. எங்கே வீடு இடித்தாலும் சூசை அண்ணன் சைக்கிளில் போய் நிற்பார். கேரியரில் கயிற்றால் கட்டி இரண்டு மூன்று ஓடு கொண்டுவந்து பின்பக்கம் அடுக்குவார். வானம் கறுக்கும் முன்னால் ஏணியை எடுத்துச் சுவரில் சாய்ப்பார்.

பிறர் கட்டடத்தில் கை வைக்க அனுமதி கிடையாது என்று மேலிடம் எழுத்தில் சொல்லியிருந்தது. தாணு சார் பொய் எழுதவும் மாட்டார். ஆகவே ஏணி சுவரில் முட்டுகிற சத்தம் கேட்டதும் எழுந்திருப்பார். "நான் ஒரு சாயா குடிச்சிட்டு வாறேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போவார். ஏணி உள்ளே வந்த பிறகுதான் திரும்பி வருவார். ஆண்டு அறிக்கையில் 'கூரையில் எவரும் ஏறியதை நான் காணவில்லை' என்று எழுதுவார். சத்தியமான வாக்கியம். வயதில் சின்னவளாக இருந்த நான் அதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்தேன். இப்போது அதற்கு வேறு பெயர் சொல்வேன்.

அவர் ஓய்வு பெற்றார். கொஞ்ச காலத்தில் நான் தலைமை நூலகர் ஆனேன். நாற்காலியோடு சாயாவும் எனக்கு வந்தது. ஏணிச் சத்தம் கேட்டால் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரன் என்னைப் பார்த்ததும், "என்ன டீச்சரே, மளை வருகா?" என்று கேட்பான்.

ஒரு ஐப்பசியில் இரண்டு அலமாரி முழுக்க நனைந்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கட்டடம் யாருடையது என்று நானே கண்டுபிடிக்கிறேன் என்று சொந்த லீவில் திருவனந்தபுரம் போனேன். என் அம்மா கேரள எல்லையில் இருக்கிற விளவங்கோட்டுக்காரி, மலையாளம் வாசிப்பேன். நான்கு நாள் தூசியில் உட்கார்ந்து, கட்டடம் கட்டினபோது எழுதின செலவுக் கணிப்பு ஃபைலைக் கண்டுபிடித்தேன். எத்தனை கோல் மரம், எத்தனை வண்டி சுண்ணாம்பு, கூரைக்குச் சங்கு முத்திரை போட்ட ஓடு என்று எல்லாம் இருந்தது. நகல் வாங்கிக்கொண்டு, ராஜ்யத்தையே பிடித்தவள் மாதிரி ரயிலில் வந்தேன்.

அந்த நகலை வைத்து மேலே எழுதினேன். பழங்கட்டடங்களைப் பார்க்கிற பிரிவிலிருந்து ஒரு படிவம் வந்தது. அதில் ஒரு கேள்வி: கட்டடத்தில் இன்றும் அசல் நிலையில் உள்ள பகுதிகள் யாவை?

யோசித்தேன். சுவரில் சிமெண்ட் பூசியாயிற்று. தரையில் டைல்ஸ் ஒட்டியாயிற்று. கதவைக் கழற்றி இரும்புக் கதவு போட்டாயிற்று. எல்லாம் யாரோ வள்ளல்கள் தங்கள் பெயர் பொறித்துச் செய்த உபகாரம். அசல் என்று எழுதக் கல்வெட்டும் கழுக்கோலும்தான் மிஞ்சின. அதோடு விட்டால் பழுது பார்க்க யாரும் வர மாட்டார்கள். 'கூரையில் இன்றும் அதே சங்கு முத்திரை ஓடுகளே உள்ளன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சூசை அண்ணன் ஓடு மாற்றுவது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வருஷக்கணக்காகச் சாயா குடித்துக் குடித்து, கூரையில் யாரும் ஏறவில்லை என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன். காகிதத்தில் யாரும் ஏறவில்லை. காகிதத்தில் யாரும் ஏறவில்லை என்றால் ஓடு அசல்தானே?

உத்தரவு வந்தது. கட்டடம் பாதுகாக்கப்பட்டதாம். வாசலில் பலகை மாட்டினார்கள், பேப்பரில் என் படம் வந்தது, எங்கள் சர்ச்சில் கைதட்டினார்கள். உத்தரவின் இரண்டாம் பக்கத்தை நான் மறுநாள்தான் படித்தேன். எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் கல், மரம், ஓடு எதையும் யாரும் தொடக் கூடாது. தொட்டால் நடவடிக்கை. பழுது எப்போது பார்ப்பார்கள் என்று ஒரு வரியும் இல்லை. யாருக்கும் சொந்தமில்லாத கட்டடமாக இருந்தவரை எங்களால் ஒரு ஓட்டை மாற்ற முடிந்தது. நான் வரலாறு எழுதினேன், அதுவும் போயிற்று.

இடவப்பாதி தொடங்கியது. தென்னை மட்டை விழுந்து மேற்குப் பக்கம் பதினொரு ஓடு உடைந்தது. அனுமதி கேட்டு எழுதினேன். நினைவூட்டல் எழுதினேன். பதில் இல்லை. ஒரு நாள் காலையில் ஏணி சுவரில் முட்டுகிற சத்தம் கேட்டது. வேண்டாம் என்று சொல்ல எழுந்தேன். வாசல்வரை போனேன். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு சாயாக் கடைக்குப் போனேன்.

அன்றைக்கு அந்தப் பழங்கட்டடப் பிரிவிலிருந்து ஒருவர் பலகையைச் சரிபார்க்க வந்திருந்தார். பலகைக்கு மேலே சூசை அண்ணன் கையில் ஓட்டோடு நின்றதைப் போனில் படம் எடுத்தார். ஒரு வாரத்தில் குற்றச்சாட்டு வந்தது. நூற்றாண்டு பழைமையான பதினொரு அசல் ஓடுகளைச் சேதப்படுத்தி அகற்றினார், பணிநீக்கம் வரை போகலாம். சூசை அண்ணனுக்கு ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. மூன்றாவது மகளுக்கு நிச்சயம் முடிந்திருந்தது. அவர் குற்றச்சாட்டை என்னிடம் நீட்டி, "இதுல ஆதாரம்னு போட்டிருக்கே, அது என்னவாக்கும் டீச்சரே?" என்று கேட்டார். பார்த்தேன். ஆதாரம், நூலகர் எழுதிய அறிக்கை. நான் எழுதினதுதான்.

விசாரணைக்கு வெளி மாவட்டத்து அதிகாரி ஒருவர் வந்தார். வாசிப்பறையில் மேஜை போட்டோம். உடைந்த ஓடுகள் ஒரு சிமெண்ட் சாக்கில் சாட்சியாக வந்திருந்தன.

"ஏறச் சொன்னது யாரு?" என்று சூசை அண்ணனைக் கேட்டார்.

"ஆரும் சொல்லல்ல சார். மளை சொல்லிச்சு."

"உங்க ஊர்ல எல்லாரும் பாட்டு மாதிரியே பேசுறீங்க. நேரா சொல்லுங்க. இதுக்கு முன்ன ஏறியிருக்கீங்களா?"

சூசை அண்ணன் என்னைப் பார்த்தார். இல்லை என்றால் அறிக்கை உண்மை, அவர் உடைத்தது அசல் ஓடு. ஆமாம் என்றால் முப்பது வருஷக் குற்றம், என் அறிக்கையும் பொய். அந்த மனிதர் எனக்காக வாயை மூடிக்கொண்டு நின்றார். எனக்கு அது பொறுக்கவில்லை.

"ஏறியிருக்கார் சார்" என்றேன். "முப்பது வருஷமா ஏறுறார்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல்ல. பாக்கக் கூடாதுன்னு ஒவ்வொரு தடவையும் சாயா குடிக்கப் போயிருவேன். எனக்கு முந்தி இருந்த சாரும் போவார். அந்தச் சாக்கைக் கொட்டி ஓட்டைத் திருப்பிப் பாருங்க சார். அசல் ஓட்டுக்கு அடியில சங்கு இருக்கணும்."

அதிகாரி சாக்கைக் கொட்டச் சொன்னார். துண்டுகளைச் சேர்த்துத் திருப்பினோம். ஒன்றில் தாமரை, ஒன்றில் நட்சத்திரம், சிலதில் ஏதோ கம்பெனி எழுத்து. சங்கு ஒன்றிலும் இல்லை. சூசை அண்ணனுக்குக் குஷி வந்துவிட்டது. கேட்காமல் பேசக் கூடாது என்று சொல்லியிருந்ததை மறந்துபோனார்.

"இது வடசேரியில இடிச்ச அரிசி மில்லு ஓடு சார். இது மணவாளக்குறிச்சியில ஒரு பள்ளிக்கூடம் இடிச்சாவ, அங்க உள்ளது. இது எங்க ஊர்ல என் மச்சான் வீட்டு ஓடு. அவன் தர மாட்டேன்னான், அவன் துபாய் போன பொறவு எடுத்தேன்."

"அப்ப அசல் ஓடெல்லாம் எங்கய்யா?"

"முக்காவாசி நான் வருகதுக்கு முந்தியே போச்சு. மோட்டுக்கிட்ட, உச்சியில, ஒண்ணு ரெண்டு உண்டும். நல்லதா ஒரு நாலு எண்ணம் எங்க வீட்டுக் கோளிக்கூட்டுக்கு..."

நான் இருமினேன். நாலு வீடு தள்ளிக் கேட்கும்படி இருமினேன். அதிகாரியின் பேனா காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது. சூசை அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"இங்க நல்ல டீ எங்க கிடைக்கும்?" என்று கேட்டபடி எழுந்து போனார்.

திரும்பி வந்தபோது கோழிக்கூட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. என்னிடம் வேறு ஒன்று கேட்டார்.

"அறிக்கையில கூரையைப் பத்தி எழுதினது தவறுன்னு எழுத்துல தருவீங்களா? தந்தா அவர் தப்பிச்சிருவார். உங்களுக்கு நல்லதில்ல. பதவி உயர்வுப் பட்டியல்ல உங்க பேரு இருக்கு."

அந்தப் பட்டியலுக்காக நான் பதினாறு வருஷம் காத்திருந்தேன். மாவட்ட அளவில் அலுவலராகி, ஒழுகாத ஒரு அறையில் உட்கார வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. மறைக்க மாட்டேன். சூசை அண்ணன் வேறு, "எழுதாதீய டீச்சரே, நான் ரெண்டு வருசத்துல போற ஆளுதானே" என்று காதில் சொன்னார். "சும்மா நில்லுங்க அண்ணா" என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். என் மேல் இருந்த ஆத்திரம் அது. அங்கேயே காகிதம் வாங்கி எழுதினேன். கூரையை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் எழுதினேன். ஓடுகள் மாற்றப்பட்டது தெரிந்தும் அசல் என்று எழுதினேன். மூன்று வரி. வாழ்க்கையில் நான் எழுதின ஆபீஸ் காகிதங்களிலேயே தாணு சாரின் அடிக்கோல் எங்கேயும் நிற்காமல் போயிருக்கக்கூடியது அது ஒன்றுதான்.

பட்டியலில் இருந்து என் பெயர் போயிற்று. அதற்கு அப்புறம் அது வரவே இல்லை. கட்டடத்தின் பாதுகாப்பு உத்தரவு மட்டும் போகவில்லை. ஒரு தடவை பாதுகாத்ததை வாபஸ் வாங்க விதி இல்லையாம்.

சூசை அண்ணனைக் கண்டித்து விட்டுவிட்டார்கள். உத்தரவின் கடைசியில் இப்படி இருந்தது: பிற்காலத்து ஓடுகளை, அக்கட்டடத்தின் கூரையில் அனுபவம் உள்ள ஒருவரைக் கொண்டு மாற்றலாம், அசல் ஓடுகளை எவரும் தொடக் கூடாது, அனுபவம் உள்ளவரின் பெயரை உரிய சான்றுடன் அனுப்பவும்.

எங்களிடம் ஒரே பெயர்தான் இருந்தது. சான்றும் இருந்தது. இந்த மனிதர் முப்பது வருஷமாக அந்தக் கூரையில் ஓடு மாற்றினார் என்று முத்திரை குத்திய விசாரணை அறிக்கையைவிடப் பெரிய அனுபவச் சான்று யாரிடம் இருக்கும்? அதையே நகல் எடுத்து இணைத்து அனுப்பினேன். மேலே யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஒப்புதல் வந்துவிட்டது. சூசை மரியான், ஓடு வேலை நிபுணர்.

காகிதத்தை அவரிடம் வாசித்துக் காட்டினேன். ஒரு பிளாஸ்டிக் கவர் கேட்டார்.

"எதுக்கு அண்ணா?"

"இடுப்புல சொருகிக்கிட்டு ஏறுகேன். போட்டோ எடுக்க வருகவனுக்குக் காட்டணும்லா."

அடுத்த நாள் பத்து மணிக்கு, வாசிப்பறை நிறைய ஆள் இருக்கும்போது, ஏணியை முன்பக்கம், பலகைக்கு நேராகவே சாய்த்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்து நின்றார்கள். "ஏலே சூசை, பென்ஷன் வாங்குகதுக்கு முந்தி விளுந்துராத" என்று ஒரு கிழவர் கத்தினார். நான் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு புதிய பதிவேட்டைத் தொடங்கிக் கக்கத்தில் வைத்திருந்தேன். அவர் ஒவ்வொரு ஓடாக அடியில் பார்த்து மேலே இருந்து சொன்னார். தாமரை. நட்சத்திரம். தாமரை. எழுதிக்கொண்டேன்.

பிறகு மோட்டுக்குப் பக்கத்தில் நகர்ந்து குனிந்தார்.

"டீச்சரே."

"என்ன?"

"மோட்டுக்குக் கீள ஒண்ணு. சங்காக்கும்."

"எப்படி இருக்கு?"

"ரெண்டாப் பொளந்து கெடக்கு. நேர் கீளதான் பிள்ளையளுக்க புஸ்தகம். தொடட்டா, வேண்டாமா?"

கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. உத்தரவு என்ன சொல்கிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"மாத்துங்க அண்ணா" என்றேன்.

பதிவேட்டில் எழுதினேன். சங்கு முத்திரை ஓடு, உடைந்தது, ஒன்று. மாற்றியவர் சூசை மரியான். மாற்றச் சொன்னது நான்.